அம்மாவின் நெற்றியில் நான் பூசியது

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன், ஆனாலும் எழுதப் பயமில்லை. நினைத்தாலே குமட்டுகிறது, அதுதான் காரணம்.

சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தம்பிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. லீவு நாளில் சிநேகிதர்களோடு பெங்களூர் போய்வருவான். அங்கே கெட்டமைன் என்ற மயக்கமருந்தைத் தூளாக்கி மூக்கில் இழுக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அம்மா தவறிய அன்று காலையில் வந்து சேர்ந்தான். எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன். குளிக்கப் போகுமுன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அதன் பையில் மடித்த காகிதப் பொட்டலம், உள்ளே வெள்ளைத் தூள். கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்திருக்கிறான் என்று மனம் நெகிழ்ந்தேன். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. முருகா என்று சொல்லி அம்மாவின் நெற்றியில் மூன்று விரலால் பூசினேன். விரலில் ஒட்டியதை என் நெற்றியில் தடவிக்கொண்டேன். ஈரத்தலையோடு வந்த தம்பி அதைப் பார்த்தபடி நின்றான்.

சுடுகாட்டிலும் மரம் மாதிரிதான் நின்றான். துக்கம் என்று நினைத்து, அவன் கையைப் பிடித்துக் கொள்ளி வைக்கச் செய்தேன்.

அடுத்த வருடம் தெவசத்தில் சித்தப்பா, "கொள்ளி வச்சவன் முன்னால வந்து உக்காரு" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். "நீதானண்ணா வச்ச?"

"வச்ச கையே கேக்குது பாரு. நல்லா பெத்தா உங்கம்மா" என்றார் சித்தப்பா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

படையல் முடிந்ததும் அவனை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனேன்.

"அன்னிக்கு நடந்தது எதுவுமே ஞாபகத்துல இல்லண்ணா. குளிக்கறதுக்கு முன்னாடி இழுத்துட்டேன். ஒரு கனவு மட்டும் அடிக்கடி வருது. நீ அத எடுத்து அம்மா நெத்தியில பூசற மாதிரி."

"எதடா?"

"அந்தத் தூள."

அங்கேயே வாந்தியெடுத்தேன்.

கிருஷ்ணகிரியில் டாக்டரிடம் காட்டினோம். "மறந்துபோனதுன்னா என்னிக்காவது ஞாபகம் வரும். இது மனசுல பதியவே இல்ல, அந்தக் கனவுல வர்ற துணுக்கு மட்டும்தான் ஒட்டியிருக்கு. பல வருஷமா இழுத்ததுல மத்த ஞாபகமும் தேஞ்சிருக்கு. விட்டுட்டா கொஞ்சம் தேறலாம்" என்றார்.

விட்டுவிட்டான். ஆனாலும் கேட்டதையே கேட்கிறான். ஒவ்வொரு தெவசத்துக்கும் முன்னால், "சொல்லுண்ணா, நான் எப்படி வச்சேன்?" என்று வந்து உட்காருகிறான். சொல்கிறேன். யார் வீட்டுக் கதையோ போலக் கேட்கிறான். பெற்றவளை எரித்ததை அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பிள்ளை. சீ, என்ன பிழைப்பு இது. விரல்களைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் இன்றும் நான் திருநீற்றைத் தொடுகிறேன்.

சொந்தக்காரர்கள் இப்போது, "பாவம், துக்கத்துல மறந்துட்டான்" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாள் அவனிடம் இல்லை, மற்றவர் வாயில்தான் இருக்கிறது. அங்கேயும் மாறிவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது என்ன? படிப்பவர்கள் இதை யாரிடம் சொன்னாலும் உள்ளபடியே சொல்லுங்கள். அவன் மீது இரக்கப்பட்டுத் தூளைத் துக்கம் ஆக்கிவிடாதீர்கள். என் மீது இரக்கப்பட்டு, பூசியது என் கை என்பதையும் விட்டுவிடாதீர்கள்.