தெரியாது என்று சொன்ன நாள்

அபுதாபியில் ஒரு மியூசியத்தில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். என் ஹாலில் பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் கல்லறைச் சிலை இருக்கிறது. மார்பின்மேல் கைகூப்பியபடி மல்லாந்து படுத்திருப்பார். பல நூறு வருஷங்களுக்கு முன் ராஜாவின் அதிகாரியாக இருந்தவர். கைடுகள் சொல்லிச் சொல்லி அவர் கதை எனக்கு மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கொத்தனார் வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நான் முதலில் துபாய் வந்தபோது அல் கூஸ் லேபர் கேம்பில் ஒரே ரூமில் இருந்தோம். எனக்கு டைபாய்டு வந்த நாளெல்லாம் டூட்டி முடிந்து வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர். என்னைப் பார்க்கவே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

சிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"தம்பி! யாருப்பா இவரு, மகானா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. வாசலில் என் சூப்பர்வைசர், பிலிப்பைன்ஸ்காரப் பெண், நின்றிருந்தார். "பாய், பீச்சே ஹட்டோ" என்று இந்தியில் தள்ளி நிற்கச் சொன்னேன், யாரோ எவரோ போல. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"உனக்குத் தெரிந்தவரா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"நோ, மேடம்."

"பாவம், சாமிதானே கும்பிட்டார். ஏன் விரட்டினாய்?"

அடுத்த லீவில் கேம்புக்குப் போனேன். கொத்தனார் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "வா தம்பி, சாப்பிட்டியா?" என்றார், எதுவுமே நடக்காதது மாதிரி. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அவர் அன்று கேட்ட பிரபுவின் கதையை ஆரம்பித்தேன். நொடித்த குடும்பத்தில் பிறந்து அரண்மனை வேலைக்குப் போனது, ஒரு மாகாணத்துக்கே அதிகாரியாகி வரி வசூலித்தது, வழக்குத் தீர்த்தது, அந்த ராஜா செத்ததும் புது ராஜா பிடித்துச் சிறையில் போட்டது.

"கூட இருந்தவங்க யாரும் கேக்கலையா?"

"அவரால பதவிக்கு வந்தவங்களே அவரத் தெரியாதுன்னுட்டாங்கண்ணே." குற்றமில்லை என்று கடைசியில் விட்டார்கள், அவர் செத்தபின் மகன் சிலை வைத்தான் என்பதையெல்லாம் அவசரமாகச் சொல்லி முடித்தேன்.

"அவங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல" என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீயும் டூட்டில இருந்த. நான்தான் தெரியாமக் கத்திட்டேன்."

அவர் போட்ட சோற்றைத் தலைநிமிராமல் தின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை மியூசியத்துக்குக் கூப்பிட்டேன். எல்லாரிடமும் அறிமுகம் செய்துவைக்கிறேன் என்றும் சொன்னேன்.

"அங்கெல்லாம் நமக்கு எதுக்கு தம்பி" என்கிறார்.