மாஸ்டர் இல்லையென்ற சொல்

நெடுந்தீவுக்கு ஆளேற்றும் மோட்டார் லோஞ்சை ஓட்டிய அந்த மனிதரின் காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில் துண்டு இருக்கும். சுக்கானைக் காலால் பிடித்தபடி விரல்விட்டு எழுத்து எண்ணுவார். கொடுத்த எழுத்துகளைக் கொண்டு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் தேடும் பத்திரிகைப் போட்டியில் அவருக்கு அப்படியொரு பைத்தியம்.

ஒருநாள் ஒரு சொல்லைக் காட்டி, "இப்பிடி ஒண்டு இருக்கோ, மாஸ்டர்?" என்றார்.

நான் அந்த லோஞ்சில் பள்ளிக்குப் போய்வரும் ஆங்கில ஆசிரியன். சுற்றியிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இல்லை" என்றேன். உடனே அதை வெட்டிவிட்டார்.

அடுத்த கிழமை, விடை வந்த பத்திரிகையை விரித்துக் காட்டினார். அந்தச் சொல் அதில் இருந்தது.

"பேப்பர்க்காரர் பிழை விட்டிட்டினம், மாஸ்டர். அவையள் உங்களிட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

கரைக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"ஓம்" என்றேன்.