பதினேழு வளைவும் அரசியலமைப்புத் திருத்தங்களும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறதும் ஒரு சோலிதான். கூலி மட்டும் கிடையாது, வசவு உண்டு. அரசியலமைப்புத் திருத்தங்களை நெட்டுருப் போட்டு, சோறு பிசையும்போதும் "நாற்பத்திரண்டு, நாற்பத்து நாலு" என்று முனகுகிற பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். நான் ஏற்கெனவே மூணு தடவை கோட்டை விட்டவள். ஜீப்பு ஓட்டுகிற என் வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா, புத்தகத்த எடைக்குப் போட்டுட்டு ஆயுசுக்கும் ஏலக்கா எடு!"

வளைவுக்கு ஒண்ணு

போடியிலிருந்து மலைத் தோட்டத்துக்குத் தினமும் அவர் ஜீப்பில்தான் காய் எடுக்கப் போவோம். உள்ளே பொம்பளைகள் மூட்டை மாதிரி அடைந்திருப்போம். புத்தகத்தைப் பிரிக்க இடமேது? அதனால் ஒரு வழி பண்ணினேன். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு திருத்தம். ஜீப்பு இடப்பக்கம் சாய்ந்தால் எழுபத்து மூணு, பஞ்சாயத்து. அடுத்த வளைவில் வலப்பக்கம் சாய்ந்தால் எழுபத்து நாலு, நகராட்சி.

சத்தமாகச் சொன்னால்தான் எனக்கு மனசில் நிற்கும். கொஞ்ச நாளில் ஜீப்பே சேர்ந்து சொல்ல ஆரம்பித்தது. மலையேறினாலே குமட்டுகிற பேச்சியக்கா, பின்பக்கம் தலையை வெளியே நீட்டியபடி கேட்டாள்: "அடியே, மெட்டுக்கு இன்னும் எத்தன திருத்தம் இருக்கு?"

காட்டுமாடு

ஒன்பதாவது வளைவு ஐம்பத்திரண்டாவது திருத்தம். கட்சித் தாவல் தடை. ஒரு காலையில் அங்கே நடுரோட்டில் ஒரு காட்டுமாடு நின்றது. வீட்டுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். அடுத்த வளைவு வராமல் அடுத்த திருத்தம் எனக்கு வாயில் வருமா? "ஐம்பத்திரண்டு, கட்சி தாவக் கூடாது" என்றே ஜெபித்துக்கொண்டு கிடந்தேன்.

மாடு ஆடி அசைந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. அப்பாடா என்று நினைத்தால், திரும்பி இந்தப் பக்கமே வந்தது. பேச்சியக்காவுக்குப் பொறுக்கவில்லை: "ஏத்தா, அந்தச் சட்டத்த அது காதுல விழுகுற மாதிரிச் சொல்லு, போன பக்கமே நிக்கட்டும்!"

மதினியின் நிலம்

எங்களோடு ஜீப்பில் வருகிற காமாட்சி மதினிக்கு ராசிங்காபுரத்து நிலத்துக்காகக் கொழுந்தனோடு தகராறு. நாற்பத்து நாலாவது திருத்தம் வந்ததும் நான், "சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லை" என்று கத்துவேன். மதினி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். கேட்டும் தண்ணிகூடத் தரவில்லை.

ஐயோ மதினி, அது நான் பிறப்பதற்கு முன்னாடியே எடுத்தது, இப்பவும் அது சட்ட உரிமைதான் என்று ஏலச்செடிக்கு நடுவே நின்று கும்பிட்டேன். அசைவாரா? "தெனமும் நீதான சொல்லிக்கிட்டு வர்ற, வெரசா பாசாகி, எடுத்தத எடுத்த எடத்துல வையி!"

ஆடாத பெஞ்சு

தேர்வு நாள். சமதளத்தில் பள்ளிக்கூடம், ஆடாத பெஞ்சு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரவில்லை! 'போச்சுடி, ஆயுசுக்கும் ஏலக்காதான்' என்று நினைத்தேன். கண்ணை மூடி இடப்பக்கம் சாய்ந்தேன். வந்தது பஞ்சாயத்து! வலப்பக்கம் சாய்ந்தேன், நகராட்சி! அப்புறம் என்ன, மெட்டு வரைக்கும் விடாமல் ஏறினேன்.

கண்காணிப்பாளர் என்னையே முறைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து பெஞ்சில் தேவாரம் ஊர்ப் பெண் ஒருத்தி. அவளும் ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிறவள்தானாம். வாயைப் பொத்திக்கொண்டு கெஞ்சினாள்: "அக்கா, மெதுவாத் திரும்புங்க, காலையில தின்னது மேல வருது."

பாஸ்

தேறிவிட்டேன்! தேனியில் ஆபீஸ் வேலை. ஜீப்பில் வைத்துத்தான் செல்போனில் பார்த்தேன். நான் அழ, பேச்சியக்கா குலவை போட, ஒரே களேபரம். வீட்டுக்காரர் மட்டும் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் வாசலில் நடந்துகொண்டே இருந்தார். உமக்குச் சந்தோசம் இல்லையா என்று சண்டைக்குப் போனேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்: "சந்தோசந்தான் புள்ள, ஆனா நாளையிலேருந்து பின்னாடி ஒன் சத்தம் இல்லாம நான் எப்படி மலை ஏறுவேன்?"

கெடு வைத்த மனுசனே கலங்கி நின்றால், தேறியவள் சந்தோசப்பட வேண்டுமா, சமாதானம் சொல்ல வேண்டுமா என்று நான் படித்த எந்தத் திருத்தத்திலும் இல்லை.