நாற்பத்தோராவது கணினி

டெல்டா மாவட்டங்களின் விவசாயப் பெருங்குடி மக்களுக்கும், வணிகப் பெருமக்களுக்கும், பொதுவாக மனித குலத்துக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. மன்னார்குடி பஞ்சநதம் நவீன அரிசி ஆலைக் குழுமத்தின் கணினிகள் அனைத்தும் ஐப்பசி மாதம் முதல் ஒரே இடத்திலிருந்து, ஒரே பொத்தானால் பாதுகாக்கப்படுகின்றன. அந்தப் பொத்தானை அழுத்துபவர் முதலாளி பஞ்சநதம். மீதி வேலை எல்லாவற்றையும் செய்பவர் குணசேகரன்.

இந்த அறிவிப்பு ஆலை வாசலில் ஃப்ளெக்ஸ் தட்டியாகவே நின்றது. அதில் பஞ்சநதம் கைகூப்பியிருந்தார். பின்னால் ஒரு கேடயம், ஒரு சிங்கம், எதற்கென்று தெரியாமல் ஒரு ஏவுகணை.

தட்டியில் போடாத ஒன்று இருக்கிறது. அது நடந்தது. கதை கட்டியதில்லை. ஆலையின் கணக்கு, கணினி இரண்டையும் பார்க்கிற குணசேகரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோயிலுக்குப் போனால் வாசலில் விட்ட செருப்பைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிற மனிதர். குடிப்பழக்கம் இல்லை. கற்பனை செய்யும் பழக்கம் அறவே இல்லை. அவருக்குத்தான் நடந்தது.

சிங்கப்பூரில் அரிசி வாங்குகிற ஒரு கம்பெனி, 'உங்கள் கணினிகள் எல்லாம் ஓட்டை இல்லாமல் இருக்கின்றனவா?' என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியதில் தொடங்கியது எல்லாம். கணினி மென்பொருள்களில் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிப்பார்கள். அதை அடைக்க அனுப்புவதுதான் பேட்ச். சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி. இத்தனை நாளாகக் குணசேகரன் திருத்துறைப்பூண்டிக் கடை, முத்துப்பேட்டைக் கிடங்கு என்று பைக்கில் போய் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். இனி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒட்டலாம். அதற்குத்தான் புது மென்பொருள்.

அதை விற்ற கம்பெனியின் ராம்கி சென்னையிலிருந்து போனில் பாடம் எடுத்தான். முதலில் ஒவ்வொரு கணினியிலும் ஒரு சின்ன ஏவலாள் போய் உட்கார்ந்துகொள்வான். அலுவலக சர்வரோடு என்றைக்கோ இணைக்கப்பட்ட கணினி என்றால், எந்த ஊரில் இருந்தாலும் தானாகவே போய்விடுவான். அப்புறம் பேட்ச் போகும். போனதும் கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்க வேண்டும். திரையில் ஒரு பெட்டி வந்து கேட்கும்: 'இப்போதே', 'பிறகு'. அவ்வளவுதான்.

ஆலையில் இருப்பது நாற்பது கணினி.

பட்டியலில் வந்தது நாற்பத்தொன்று.

கடைசிப் பெயர், சுடர்விழி.

குணசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சுடர்விழிதான். கணக்குப் பிரிவில் இருந்த பெண். அவர் வேலை சொல்லிக்கொடுத்த பிள்ளை. முத்துப்பேட்டைச் சாலையில் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். அப்பா காத்தான், வாழ்நாளெல்லாம் பிறத்தியார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பங்குனியில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற அவசரம், வீட்டிலேயே லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் போய்விட்டாள். ஆலை சார்பில் பெரிய மாலை போனது. அந்த வீட்டில் போய் லேப்டாப்பைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

"ராம்கி, இதுல ஒன்னு அதிகமா காட்டுதுப்பா. அந்தப் பொண்ணு இறந்துபோச்சு."

"ஆள் இல்லன்னா என்ன சார், மெஷின் ஓடிட்டிருக்கே. நம்ம சாஃப்ட்வேர் யாரையும் விடாது சார்."

"நீ சொல்ற விதமே சரியில்லய்யா."

நாற்பது கணினிகளும் ஒட்டுப் போட்டுக்கொண்டு பச்சையாயின. சுடர்விழி மட்டும் சிவப்பு. பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

'பயனர் ஒத்திவைத்தார். பகல் 12.40.'

மறுநாள் அதே வரி. அதற்கு அடுத்த நாளும் அதே. வீட்டில் யாரோ தொடுகிறார்கள், காத்தானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தன்னிடமிருந்த அந்த வீட்டு எண்ணுக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்றது. சரி என்று 'பிறகு' என்ற பொத்தானையே எடுத்துவிட்டார். இனி அந்தப் பெட்டியில் 'இப்போதே' மட்டும்தான் இருக்கும். தொட்டாலும் தொடாவிட்டாலும் கணினி தொடங்கியே ஆக வேண்டும்.

மறுநாள் பார்த்தார்.

'பயனர் ஒத்திவைத்தார்.'

"அப்படி வர வாய்ப்பே இல்ல சார்," என்றான் ராம்கி.

"வந்திருக்குய்யா."

ராம்கி விசைப்பலகையைத் தட்டுவது போனில் கேட்டது. பிறகு, "வேற ஏதாவது ஹெல்ப் வேணுமா சார்?" என்றான்.

பஞ்சநதத்துக்கு இந்தச் சிவப்புப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை துவக்க விழா. சிங்கப்பூர்க்காரர்கள் வீடியோவில் பார்க்கப் போகிறார்கள்.

"என்னய்யா குணா இது, கல்யாண வீட்டுல ஒருத்தன் மட்டும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிறாப்புல. நேரா போயி முடிச்சிட்டு வா."

சனிக்கிழமை போனார். விடிந்ததிலிருந்து அடைமழை. நடவு முடிந்த வயல்களில் பயிர் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஊருக்குள் ஒரு டீக்கடையில் வழி கேட்டார். காலையிலிருந்து கரண்ட் இல்லை என்று கடைக்காரர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வழி சொன்னார்.

அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. வாசலில் ஒரு நாய் நின்றது. அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை. அவருக்குப் பின்னால் யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, மழையில் இறங்கிப் போய்விட்டது.

உள்ளே இருட்டு. மூலையில் மட்டும் நீல வெளிச்சம். லேப்டாப் முன்னால் காத்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். மில்லுலேர்ந்தா?"

"ஆமாங்க. குணசேகரன்."

"பாப்பா சொல்லும். நீங்க வஞ்சாலும் வேலைய சொல்லிக்குடுத்துட்டுதான் வைவீங்களாம்."

குணசேகரன் சிரித்துவிட்டார். காத்தான் திரும்பவில்லை. கண் திரையிலேயே இருந்தது.

திரையில் பங்குனி மாத நெல் இருப்புக் கணக்கு. பாதியில் நின்ற வரி. அந்த இடத்தில் கர்சர் என்கிற அந்தச் சின்னக் கோடு மறைந்து, தோன்றி, மறைந்து...

"இத ஒரு தடவ அணைச்சிப் போடணும்ங்க. ரெண்டு நிமிசம்."

"அணைச்சா, இந்தக் கோடு?"

"திரும்ப வரும்ங்க."

"இதேவா?"

குணசேகரன் கண்ணாடியைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தார்.

"ஆஸ்பத்திரியில புள்ள கைய புடிச்சிக்கிட்டே கெடந்தேன் சார். நாடி இப்புடித்தான் துடிச்சிச்சு. டீ குடிச்சிட்டு வாய்யான்னாங்க. எந்திரிச்சிப் போனேன்." காத்தான் நிறுத்தினார். "வந்து புடிச்சா, இல்ல."

காத்தான் விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ஆஸ்பத்திரிக்குப் பொறப்படறப்ப சொல்லிச்சு. அப்பா, இத அப்புடியே வச்சிரு, வந்து முடிச்சிடறேன். பொட்டி வந்து ஏதாச்சும் கேட்டா வலப்பக்கம் இருக்கிறத தொட்டு விட்டுருன்னிச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது சார். வலப்பக்கம் தெரியும். முன்னெல்லாம் எப்பவாவது வரும். இப்பதான் தெனம் வருது."

"நாந்தாங்க அனுப்புறேன்."

"அனுப்பாதீங்க சார்."

கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில், காத்தானின் தோள்மீது, சொட்டுச் சொட்டாக. அந்தத் தோள் நனையவில்லை என்பதைக் குணசேகரன் பார்த்தார். கண் பார்த்ததை மனம் வாங்கிக்கொள்ளவில்லை.

கரண்ட் இல்லாத ஊரில் இது எப்படி எரிகிறது என்றும் அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். தன் மகள் கையாக இருந்தால் தானும் விட்டிருக்க மாட்டார்.

"அனுப்பலீங்க. நான் பாத்துக்கறேன்," என்றார்.

காத்தான் அப்போதுதான் தலையை அசைத்தார். அவரது விரல் கோட்டுக்குப் பக்கத்தில், தொடாமல், வைத்தபடியே இருந்தது.

ஆலைக்குத் திரும்பி மழைக்கோட்டைக் கழற்றியபோது குணசேகரன் உள்ளேயும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். அரைமணி நேரம் ஒரு வீட்டுக்குள் நின்றதாகச் சொல்கிறவர் இப்படியா நனைவார் என்று வாட்ச்மேன் சிரித்தார். குணசேகரன் நேரே போய்ச் சுடர்விழியின் கணினியை விலக்குப் பட்டியலில் சேர்த்தார். இனி எந்தப் பெட்டியும் அங்கே போகாது. பட்டியலில் சிவப்பும் தெரியாது. முதலாளிக்குப் பச்சை, காத்தானுக்குக் கோடு. வேலை பார்த்த இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை விழா. நாதஸ்வரம், சால்வை, எல்லோர் கழுத்திலும் மாலை, சுவர் அளவு திரை, முதலாளி அழுத்துவதற்கென்றே ஒதுக்கிவைத்த ஒரு புதுப் பேட்ச். திரையின் ஓரத்தில் சிங்கப்பூரிலிருந்து மூன்று முகங்கள். பஞ்சநதம் மைக்கைப் பிடித்து, சோழர்கள் கல்லணை கட்டியதற்கும் தாம் மென்பொருள் வாங்கியதற்கும் உள்ள ஒற்றுமையைக் கால்மணி நேரம் விளக்கினார்.

சென்னையிலிருந்து நேரில் வந்திருந்த ராம்கி குணசேகரன் காதருகே குனிந்தான்.

"ஒரு மெஷின் விலக்குல இருந்துச்சு சார். கவனிக்காம விட்டுட்டீங்கபோல. நான் உள்ள சேர்த்துட்டேன்."

"எதைய்யா?"

பஞ்சநதம் பொத்தானை அழுத்திவிட்டார்.

கைதட்டல். திரையில் நாற்பத்தொரு பெயர்களும் மஞ்சளாகி, ஒவ்வொன்றாகப் பச்சையாயின. சுடர்விழி மட்டும் நின்றது.

'பயனர் ஒத்திவைத்தார்.'

"நிறுத்துங்க முதலாளி," என்றார் குணசேகரன். நாதஸ்வரத்தில் கேட்கவில்லை.

'பயனர் ஒத்திவைத்தார்.'

'பயனர் ஒத்திவைத்தார்.'

வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, வேகமாக வந்தன. இல்லாத பொத்தானை யாரோ அடித்து அடித்துத் தேடுகிற மாதிரி.

'பயனர் ஒத்திவை...'

அந்த வரி முடியவில்லை.

பச்சை.

கூட்டம் எழுந்து கைதட்டியது. பச்சைக்குக் கீழே இன்னொரு வரி வந்து நின்றது. 'பயனர்: எவரும் இல்லை.'

குணசேகரன் கழுத்து மாலையோடு பைக்கை எடுத்தார். பாதி வழியில்தான் அதைக் கழற்றி ஒரு வாய்க்காலில் போட்டார். காத்தானின் காலில் விழுந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை இல்லை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்சவல்லி வெளியே வந்தாள்.

"யாரு சார் வேணும்?"

"காத்தான் எங்கம்மா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணன் ஆடியிலயே போயிட்டாரே சார். மக கணக்கா காச்சல்தான். அந்த லேப்டாப்பு முன்னால ஒக்காந்த மேனிக்கே."

"சனிக்கிழம பேசிட்டுப் போனேம்மா. உள்ள..."

"சனிக்கிழம நீங்கதானா?" அவள் குரல் தாழ்ந்தது. "பூட்டுன கதவு முன்னால மழையில நின்னு தனியா பேசிக்கிட்டு இருந்தீங்களே சார். போன்ல பேசுறீங்கன்னுல்ல இருந்தேன்."

சாவி அவளிடம்தான் இருந்தது. திறந்தாள். சுவரில் மீட்டர் இருந்த இடம் காலியாக இருந்தது. கரண்ட்காரர்கள் கழற்றிக்கொண்டு போய் இரண்டு மாதமாகிறது என்றாள். மூலையில் லேப்டாப் மூடிக் கிடந்தது. மூடியின்மேல் கை அச்சுப் பதிகிற அளவுக்குத் தூசி. எந்த வயரும் செருகவில்லை.

குணசேகரன் அதைத் தூக்கினார்.

அடிப்பக்கம் சூடாக இருந்தது.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அம்சவல்லி என்னவோ கேட்டாள். அவர் காதில் விழவில்லை. கைக்குள் அந்தச் சூடு குறைந்துகொண்டே வந்தது. அவர் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் முழுவதும் ஆறிவிட்டது.

சிங்கப்பூர்க்காரர்கள் அந்த வாரமே தாய்லாந்தில் அரிசி வாங்கிக்கொண்டார்கள்.