ஆம்ப்ளிஃபையருக்கு வேர்த்த காலம்

கார் ஆம்ப்ளிஃபையருக்கு ஃபேன் மாட்டுவது என்று ஒரு தொழில் உண்டு என்பதே அதைச் செய்து கெட்டவனுக்குத்தான் தெரியும்.

பாலக்கரையில் எனக்கு ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை இருந்தது. ஹாரன், வைப்பர், டைனமோ என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்கள் டேப் செட்டும் ஆம்ப்ளிஃபையருமாக வந்து இறங்க ஆரம்பித்தார்கள். திருச்சி வெயிலில், சீட்டுக்கு அடியில் அடைந்து கிடக்கும் ஆம்ப்ளிஃபையர் கொஞ்ச நேரம் நன்றாகப் பாடும். பிறகு கரகரக்கும். பிறகு மூச்சே இருக்காது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்.

மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போய் பன்னிரண்டு வோல்ட் குட்டி ஃபேன்களாக வாங்கி வந்தேன். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஒன்றைப் பொருத்தி, செட்டைப் போட்டால் ஃபேனும் சேர்ந்து சுற்றுகிற மாதிரி ஒயர் இழுத்துக் கொடுத்தேன். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். நல்லது செய்யப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

பின் சீட்டு அம்மா

முதல் ஃபேன் கைலாசபுரத்திலிருந்து வந்த ஒரு சூப்பர்வைசரின் ஃபியட்டுக்கு. தம்பி துபாயிலிருந்து அனுப்பிய ஆம்ப்ளிஃபையரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் ஃபேனை வைத்தேன். மனிதர் தரையில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்குங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து நின்றார். பின் சீட்டில் அவர் மனைவி, மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் இரண்டு. ஆம்ப்ளிஃபையரைத் தொட்டு வருகிற சூடான காற்று முழுக்க அந்த அம்மாவின் காலில் அடிக்கிறதாம். ஃபேனை வேறு பக்கம் திருப்ப முடியுமா என்று சூப்பர்வைசர் கேட்டார். திருப்பினால் ஆம்ப்ளிஃபையர் சூடாகிவிடும் என்று நான் சொன்னேன். "அப்ப இருக்கட்டும்" என்று உடனே சொல்லிவிட்டார். அந்த அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் பேசினார். சூப்பர்வைசர் கீழே குனிந்து, நன்றாக இருந்த டயரை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஆம்ப்ளிஃபையருக்கு வேர்க்கும்னு ஃபேன் போட்டாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பின்னாடிதாங்க உக்காந்து வரேன், எனக்கு வேர்க்குதான்னு ஒரு தரமாவது கேட்டிருப்பாரா?"

ஙொய்ங்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்காரர் ஒருவர், ரிட்டயரான கணக்கு வாத்தியார். காரில் பாராயணக் கேசட்டைத் தவிர வேறெதுவும் போட மாட்டார். ஃபேன் மாட்டிக் கொடுத்த மறுநாளே வந்துவிட்டார். மோட்டார் சுற்றும்போது அதன் இரைச்சல் ஸ்பீக்கரில் ஏறுகிறது. கோஷ்டியாகச் சொல்லும் பாராயணத்துக்கு நடுவே கொசு மாதிரி ஒரு ஙொய்ங்.

கண்டென்சர் போட்டேன். இரைச்சல் குறைந்தது, போகவில்லை. எர்த் ஒயரை இடம் மாற்றினேன். பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு எதுவும் கேட்காது, அவருக்குக் கேட்கும். கோபமே படமாட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல் கேட்பார். பிறகு, "இருக்கு ஸ்வாமி" என்பார். கடைசி முறை வந்தபோது ஃபேனையே கழற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காதைத் தொட்டுக் காட்டினார்.

"இப்போ ஃபேன நிறுத்தினாலும் அடியேன் காதுல அதுதான் ஸ்வாமி கேக்கறது. பெருமாள் திருநாமம் ரெண்டாம்பட்சமா போயிடுத்து."

செல்வராஜின் கைவேலை

என் கடைக்குப் பின்னால் செல்வராஜ் குஷன் வேலை பார்த்தான். சீட் தைப்பான், ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வைக்கப் பெட்டி செய்வான். அவன் கைபட்டால் ஓட்டை அம்பாசடரும் மணவறை மாதிரி ஆகிவிடும். அவனுக்கும் எனக்கும் ஒரே சண்டை. பெட்டியில் காற்றுப் போக ஓட்டை வேண்டும் என்பேன் நான். அவனோ ஓட்டை போட்டால் அது பெட்டியே இல்லை என்பான்.

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்காகத் தன் காருக்கு எல்லாமே புதிதாகப் போட்டார். நான் பெட்டியில் வரிசையாக ஓட்டை போட்டு, ஃபேனை உள்ளே வைத்துவிட்டு மணப்பாறைக்கு ஒரு வேலையாகப் போனேன். திரும்பி வருவதற்குள் செல்வராஜ் எல்லா ஓட்டையையும் சிவப்பு ரெக்சின் போட்டு இழுத்து மூடி, ஓரத்தில் பித்தளை ஆணியும் அடித்துவிட்டான். காரும் போய்விட்டது. மூடின பெட்டிக்குள் ஃபேன் சுற்றினால் உள்ளே இருக்கிற அனல்தான் சுற்றும். மாப்பிள்ளை அழைப்பு பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் ஆம்ப்ளிஃபையர் கருகியது. மேளக்காரர்களைக் கூப்பிட்டுச் சமாளித்தார்களாம். மண்டிக்காரர் வந்து கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வந்து, பெட்டியைத் தடவிக்கொண்டே செல்வராஜிடம் சொன்னார்:

"ஃபேன் மாட்டினவரு செஞ்சதுக்கு நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, பொட்டிய எங்க சம்பந்தியே பாத்து அசந்துட்டாரு."

பாலத்தின் மேல்

வின்சென்ட் விளம்பர வண்டி வைத்திருந்தான். பழைய அம்பாசடர், கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஆம்ப்ளிஃபையர். ஓட்டுவதும் அவன், மைக்கில் பேசுவதும் அவன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன குழந்தை, இறந்தவரின் அடக்க நேரம் எல்லாமே அவன் குரலில்தான் ஊருக்குத் தெரியும். கோடையில் பாதி அறிவிப்பில் சத்தம் நின்றுவிடுகிறது என்று அவன்தான் வந்து கேட்டான். நல்ல ஃபேனாகப் பார்த்து மாட்டி, தனி ஃபியூஸும் போட்டுக் கொடுத்தேன். சாவு அறிவிப்புக்குப் போகும்போது பின்னால் மாலைகளையும் ஏற்றிக்கொள்வது அவன் வழக்கம். மாலையிலிருந்து அவிழ்ந்த வாழைநார் ஃபேன் இறக்கையில் சுற்றிக்கொண்டது. ஃபேன் நின்றது, ஃபியூஸ் போனது. வேறு மாற்றினான், அதுவும் போனது. கையில் வேறு ஃபியூஸ் இல்லை. சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைக் கிழித்து, எரிந்துபோன ஃபியூஸ் மேல் சுற்றிச் செருகிவிட்டான்.

ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் ஒயர் எரிந்தது. சீட்டுக்குள் இருந்த தேங்காய் நார் பற்றிக்கொண்டது. காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினான். பின்னால் இருந்த மாலைகள் இறந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியவை. அவற்றை வெளியே இழுக்கப் போய் வலது கை வெந்துவிட்டது. கீழே ஆறு முழுக்க மணல். மோர் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா பானையோடு கொட்டினாராம். ஆள் சொல்லி, நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது கார் கருங்கூடாக நின்றது. பாலத்து நடைபாதையில் கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். அழவில்லை, திட்டவில்லை.

"ஃபேன் இல்லாதப்ப சத்தம் மட்டும்தாண்ணே போச்சு."

சட்டைப்பை

அந்த வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸைக் கரிக்குள் தேடி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கும் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் காட்டினேன். டீக்கடையில், சர்ச் வாசலில், போலீஸ் ஸ்டேஷனில். பாருங்கள், என் வேலையில் குறை இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் "ஃபேன் மாட்டிக் காரைக் கொளுத்தினவரு" என்ற பெயர் எனக்கு முன்னாடியே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

வின்சென்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அவனிடமும் காட்டிவிட வேண்டும் என்றுதான் போனேன். உள்ளே அவன் மனைவி தட்டை வைத்துக்கொண்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய மாதிரி கட்டு. இனி மைக்கைப் பிடித்து, கியர் போட்டு, அந்த வண்டி மாதிரி ஒன்றை அவன் ஓட்டப்போவதில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, சாப்பிடுங்க" என்றான். என் கை சட்டைப்பை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது. கிளம்பும்போது அவன் மனைவி வாசல் வரை வந்தாள். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை.

"அன்னிக்கு ஃபியூஸ் வாங்க மொதல்ல உங்க கடைக்குத்தாண்ணே வந்தாரு. நீங்க சாப்பிடப் போயிருந்தீங்களாம்."

பிறகு

அதற்கப்புறம் ஆட்கள் வரத்து குறைந்தது. ஹாரன் வேலைக்கு வருகிறவர்கள்கூட, "ஃபேன் கீன் எதுவும் வேணாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்கள். ரிச்சி தெருவில் வாங்கிய ஃபேன்கள் மிச்சம் இருந்தன. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. செல்வராஜுக்கு சவூதி விசா வந்தது. அங்கே சோபா தைக்கிற வேலை. போகிற அன்று கடைக்கு வந்து, என் ஸ்டூலுக்குப் புது ரெக்சின் போட்டுக் கொடுத்தான்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே, ஓட்டை இருந்திருக்கணும். ஆனா எவனும் ஓட்டையப் பாத்து காசு குடுக்க மாட்டான்."

ஆக, இத்தனை வருஷம் அடுத்தவர் ஆம்ப்ளிஃபையருக்கெல்லாம் காற்று வாங்கிக் கொடுத்ததில் கடைசியாகக் காற்று வாங்கியது என் கடைதான்.