பம்பரமும் மாதிரி வகுப்பும்

பம்பரம் என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஆள் சேர்த்துவிடுவதும், சேர வருகிறவர்களை நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்வதும் அவள் வேலை. கல்யாண வீடோ, பல் டாக்டர் வாசலோ, ஓரிடத்தில் உட்கார மாட்டாள். பக்கத்தில் இருப்பவர் படித்தவர் என்று தெரிந்தால் போதும், "நீங்க டீச்சராகலாமே?" என்று ஆரம்பித்துவிடுவாள். "போற போக்குல எனக்கே ஒரு சீட்டு வாங்கிடுவா போல" என்று அவள் புருஷன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்படி ஒரு மருந்துக்கடையில் பிடித்தவள்தான் அங்கே வேலை பார்த்த பெண். காது கேட்காத ஒரு பெரியவருக்கு எந்த மாத்திரை எப்போது என்று, அட்டையின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து சலிக்காமல் காட்டிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற பம்பரம் அன்றோடு அவளை விடவில்லை. பின்னாலேயே அலைந்து "சரிக்கா" என்று சொல்ல வைத்தாள். சொன்னவள் சும்மா இருந்தாளா? படிக்க நேரம் வேண்டும் என்று வேலையையே விட்டுவிட்டாள். கடைக்காரர் மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிட்டார். இது தெரிந்ததிலிருந்து பம்பரம் அவளைத் தினமும் பயிற்சிக்கு இழுத்தாள். இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பாவம் தன் தலையில்தான் விடியும்.

தேர்வில் முக்கியமானது மாதிரி வகுப்பு. பம்பரத்தின் பயிற்சி அறையில் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளாக உட்காருவார்கள். எல்லோரும் பட்டதாரிகள். "புரிஞ்சுதா?" என்றால் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்!" அங்கே சட்டம் ஒன்றுதான்: மணி அடிப்பதற்குள் முடி, எங்கேயும் மாட்டிக்கொள்ளாதே. பம்பரம் பின்னால் நின்று கையைச் சுழற்றினால் மேலே போ என்று அர்த்தம்.

தேர்வன்று கல்லூரிக்காரர்கள் நிஜப் பிள்ளைகளையே கூட்டி வந்திருந்தார்கள். இதைப் பம்பரம் எதிர்பார்க்கவில்லை. தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கடைசியில் ஜன்னலோரம் வந்து ஒட்டிக்கொண்டாள்.

உள்ளே அரை (1/2), கால் (1/4) என்று பின்னப் பாடம். ஒரு சிறுமி எழுந்தாள். "ரெண்டைவிட நாலுதானே பெருசு? அப்ப அரையைவிடக் கால்தானே டீச்சர் பெருசு?"

பாடம் நடத்திய பெண் தடுமாறி ஜன்னலைப் பார்த்தாள். பம்பரத்தின் கை தன்னால் சுழன்றது. "அதை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள். மணிக்கு முன்பே முடித்தாள்.

வெளியே வந்தவளுக்கு வாயெல்லாம் பல். "நல்லவேளை கை காட்டினீங்கக்கா, இல்லேன்னா அங்கேயே நின்னுருப்பேன்."

திறந்த கதவு வழியாகக் கல்லூரி முதல்வரின் குரல் கேட்டது. "அந்தக் குழந்தையை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்களே. இவங்க வேண்டாம்."

மானம் போகுமே என்றெல்லாம் பம்பரம் யோசிக்கவில்லை, விறுவிறுவென்று உள்ளே போனாள். "மேடம், தப்பு என்னோடது. நான்தான் வெளியில நின்னு கையைக் காட்டினேன். அவ நல்லா சொல்லிக் குடுப்பா, நான் கெடுத்துட்டேன்."

முதல்வர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி, அந்தக் குழந்தை இன்னும் இங்கதான் இருக்கு. அவங்க வந்து சொல்லித் தரட்டும். நீங்க கேட்டுக்கு வெளியில போய் நில்லுங்க."

வெளியே பம்பரம் உட்கார்ந்தாள், எழுந்தாள், காவலாளியிடம் மணி கேட்டாள். "இப்பத்தானேம்மா சொன்னேன்" என்று அவர் அலுத்துக்கொண்டார். உள்ளே மணி அடித்தது. அடுத்த மணியும் அடித்தது. மாட்டிக்கொண்டுவிட்டாளே என்று அவள் கை வெறும் காற்றில் சுழன்றது, பார்க்கத்தான் ஆளில்லை.

ஒருவழியாக அந்தப் பெண் வந்தாள், கையெல்லாம் சாக்பீஸ் தூள். "அந்தக் குழந்தைக்குப் புரிஞ்சிருச்சுக்கா! மொதல்ல சும்மா தலையாட்டினா, நான் நம்பல. எனக்கே சொல்லிக் குடுன்னேன், அழகா சொல்லிட்டா!"

"அது இருக்கட்டும்மா, சீட்டு என்னாச்சு?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அதைக் கேக்கவே மறந்துட்டேன்கா."