கோவணத்துடன் குளிக்கும் ஜப்பான் சிப்பாய்

அக்காவின் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போனபோது அலுமாரிக்கு மேல் இரண்டு அட்டைப் பெட்டிகளை விட்டுவிட்டுப் போனான். ஒன்றுக்குள் இரண்டாம் உலக யுத்தத்து ஜப்பான் டேங்க் ஒன்று பிளாஸ்டிக் துண்டுகளாகக் கிடந்தது. மற்றதில் விரல் நீளமான சிப்பாய்கள் கை வேறு, கால் வேறு, தலை வேறாகக் கிடந்தார்கள். கொரோனாவுக்கு ஊர் முடங்கிய காலம் அது. செங்கலடியில் நான் நடத்தும் தையல் கடைக்கு ஒரு சட்டைத் துணிகூட வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் பெட்டியைத் திறந்தேன். அதன்பிறகு என்னால் அதை மூட முடியவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்தவள். பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் படம் போட்டு இலக்கம் போட்டிருந்தார்கள். பிளவுஸ் வெட்டத் தெரிந்தவளுக்கு அது போதும். முதலில் துண்டு, பிறகு மூட்டு, கடைசியில் ஓரம். யுத்த டேங்கும் அப்படித்தான் ஒட்டுகிறது.

முதல் தடவை டேங்க் கோணலாக வந்தது. பிரித்துத் திரும்ப ஒட்டியபோது ஒரு சக்கரம் மிஞ்சியது. எங்கே போட வேண்டிய சக்கரம் என்று இன்றுவரை தெரியாது. போனில் படம் பார்த்த அக்காவின் மகன், இனி டேங்கைத் தனியாக வைக்காமல் தரை, மரம், ஆட்கள் எல்லாம் சேர்த்து ஒரு காட்சியாகச் செய்யச் சொன்னான். அதற்கு டயோராமா என்று பெயராம். அக்கா அதை "ஒன்ட விளையாட்டு" என்றுதான் சொல்வாள்.

நான் செய்ய நினைத்தது ஒரு மத்தியானம். நல்ல வெயில். ஆற்றங்கரையில் டேங்கை நிறுத்திவிட்டுச் சிப்பாய்கள் குளிக்கிறார்கள். சண்டை இல்லை, செத்தவர் இல்லை. பார்க்கிற ஆளுக்கு உடம்பில் வியர்க்க வேண்டும், அவ்வளவுதான். டேங்கின் கீழே நிழலைக் கறுப்பாகத் தீட்டினேன். ஒருவன் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறான். அவர்களுடைய தொப்பிக்குப் பின்னால் நாலு துண்டுத் துணி கழுத்தை மறைத்துத் தொங்கும். அதைப் பார்த்துத்தான் அக்கா முதன்முதலாக அவர்களை மதித்தாள். வயல் வட்டையில் வேலை செய்கிற ஆட்கள் தலைக்குத் துவாய் போடுகிற மாதிரி, இவர்களும் வெயிலுக்குப் பயந்த மனிதர்கள்தான் என்றாள். காலில் சுற்றும் துணிப் பட்டியைப் பொம்மை செய்த கம்பெனிக்காரர் வெறும் கோடாக விட்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. லைனிங் துணியில் நூல் உருவி ஒவ்வொரு காலுக்கும் சுற்றினேன்.

பிரச்சினை குளிக்கிறவனால் வந்தது. ஜப்பான் சிப்பாய்கள் உள்ளே கோவணம்தான் கட்டுவார்களாம். மிஞ்சிய ஒருவனின் காற்சட்டையைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளை லைனிங்கில் அவனுக்கு ஒரு கோவணம் கட்டினேன். தோள் இரண்டுக்கும் வெயில் பட்ட சிவப்பைப் பூசினேன். நான் செய்ததில் திறமானவன் அவன்தான். அதற்குள் ஊர் திறந்து கடைக்கு ஆட்களும் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"என்ன புள்ள இது, நாலு பொம்பிளையள் அளவு குடுக்க வாற இடத்தில?" என்றாள் அக்கா. பேச்சோடு நிற்கவில்லை. நான் தேத்தண்ணி போட உள்ளே போனால் அவனை டேங்கின் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். நான் வந்து முன்பக்கம் திருப்புவேன். பின்னேரம் பார்த்தால் திரும்பவும் டேங்கைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கடைசியில் அவனைப் பலகையில் பசை போட்டு ஒட்டிவிட்டேன். அன்று முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை.

இந்த அக்காதான் என்னை மாட்டியும் விட்டாள். மட்டக்களப்பு டவுனில் பொழுதுபோக்குக் கண்காட்சி ஒன்று நடத்தும் ஐயா ஒருவர், மனைவியின் பிளவுஸ் எடுக்க வந்திருந்தார். நான் பொத்தான் தைத்து முடிப்பதற்குள் அக்கா அவரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டி, பெயரும் கொடுத்துவிட்டாள். செய்தவர் பக்கத்தில் நின்று வருகிற ஆட்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்றார் அவர். அளவு எடுக்கும்போதுகூட நான் பேசுவதில்லை. கையைத் தூக்கு என்பதற்கு என் கையைத் தூக்கிக் காட்டுகிறவள் நான்.

"நீ சும்மா நில்லு, அது காணும். கதைக்கிறத நான் கதைக்கன்" என்றாள் அக்கா. அந்த ஒப்பந்தத்தில்தான் சம்மதித்தேன்.

மிச்சமிருந்தது தரை மட்டும். கடையில் வாங்கும் மணல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏறாவூர்ப் பக்கம் வாவிக்கரையில் ஒரு பையில் சேறு அள்ளிவந்து, பைண்டர் கம் கலந்து பூசினேன். காய்ந்ததும் அசல் ஆற்றங்கரை. ஆனால் வீடு முழுக்க வாவி மணம். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே வெயிலில் வைத்தாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஆற்றங்கரை முழுக்க வெள்ளை. கடலோடு கலந்த வாவியின் சேற்றில் இருந்த உப்பெல்லாம் மேலே பூத்துவிட்டது. தூரிகையால் தட்டினேன், போனது. மத்தியானம் திரும்ப வந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். அது உப்புக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி ஆயிற்று. அடுத்த நாள் டேங்கின் சக்கரத்திலும் ஏறி, குளிக்கிறவனின் கணுக்கால் வரை வந்துவிட்டது. மேலே பெயிண்ட் பூசினால் பெயிண்டையும் தள்ளிக்கொண்டு வந்தது. வாவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரே வருடா வருடம் இப்படித்தான் பூக்கிறது.

கண்காட்சிக்குப் போகாமல் விடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா விடவில்லை. கேக் பெட்டி ஒன்றுக்குள் அதை வைத்துக் கட்டி பஸ்ஸில் ஏறினோம். பெட்டியைப் பார்த்ததும் ஒருவர் எழும்பி இடம் கொடுத்தார். ஏறாவூரில் ஏறிய ஒரு பெண், ஆருக்குக் கலியாணம் என்று கேட்டாள். அக்கா கண் மூடி முழிப்பதற்குள் ஒரு கலியாணம் செய்து வைத்தாள். டவுனில் இறங்கும்போது பொம்பிளை டீச்சராகவும் மாப்பிள்ளை பாங்கில் வேலையாகவும் இருந்தார்கள். மடியில் யுத்த டேங்கோடு நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மண்டபத்தில் எங்களுக்கு ஒரு மேசை தந்தார்கள். பக்கத்து மேசையில் முத்திரை சேர்க்கும் மனிதர் ஒருவர், என்னைவிடக் கூச்சம் போல, முத்திரைகளைப் பார்த்தபடியே நின்றார். பெட்டியைத் திறந்தேன். பஸ் குலுக்கியதில் உப்பு இன்னும் நன்றாகப் பரவியிருந்தது.

முதலில் வந்தவர் ஒரு டீச்சர். வெள்ளை வெளேரென்று கிடப்பது என்ன என்று கேட்டார்.

"பனி, டீச்சர். ஜப்பான்ல பனி நிறைய" என்றாள் அக்கா.

"அப்ப இவர் ஏன் கோவணத்தோட நிக்கிறார்?"

"அவங்கட வழக்கம் அது. குளிருக்குள்ள குளிச்சாத்தான் உடம்பு உரமாகுமாம். என்ன புள்ள, அப்படித்தானே?"

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபம். அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. நெற்றியில் கை வைத்தவன் பனி கொட்டுவதைப் பார்க்கிறான். தொப்பித் துணி காதுக்குள் பனி போகாமல் இருக்க. டேங்க் பனியில் புதைந்துவிட்டதாம், அதுதான் வேலையில்லாமல் குளிக்கிறார்களாம். சனம் கூடியது. சிரித்தார்கள், போனில் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். என்னுடைய வெயில் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வந்தது.

கண்காட்சி ஐயா ஒரு அட்டையும் பேனையும் கொண்டுவந்தார். மேசைக்கு முன்னால் தலைப்பு எழுதி ஒட்ட வேண்டுமாம், படம் எடுத்துப் புத்தகம் ஒன்றில் போடுவார்களாம். அக்கா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். "பனியில்" என்று எழுதி முடித்து, அடுத்த சொல்லுக்குப் பேனையைத் தூக்கினார்.

"பனி இல்ல" என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். எல்லோரும் திரும்பினார்கள். அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அது பனி இல்ல. மத்தியானம். வெயில்."

"வெள்ளையா இரிக்கே, தங்கச்சி?" என்றார் ஐயா.

"வாவிச் சேறு. உப்புப் பூத்திட்டு."

டீச்சர் குனிந்து பார்த்து, தங்கள் கிணற்றடிச் சுவரும் இப்படியே என்றார். ஒருவர் தன் வீட்டுக் குசினிச் சுவரைச் சொன்னார். இன்னொருவர் போன வருடம் பூசிய பெயிண்ட் முழுக்க உரிந்து விழுந்த கதையைச் சொன்னார். என் மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் உப்புப் பூத்த சுவர் ஒன்று இருந்தது. ஜப்பான் படையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒருவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, ஓம், உப்புத்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் பேச்சும் வந்தது. டேங்கின் கீழே நான் தீட்டிய நிழலைக் காட்டினேன். நெற்றியில் கை வைத்தவனைக் காட்டினேன். குளிக்கிறவனின் தோளைப் பார்க்கச் சொன்னேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "ஓம் கா, தோள் ரெண்டும் சிவந்து போய்க் கிடக்கு. பாவம், நல்ல வெக்கை போல" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் தன் கழுத்தைத் துடைத்தார்.

ஐயா வேறு அட்டை எடுத்தார். என்ன எழுத என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "மத்தியானக் குளிப்பு" என்றேன். எழுதினார்.

காலுக்கு நூல் சுற்றியதை ஒருவர் விசாரித்தார். அதைச் சொல்லத் தொடங்கினேன், நிறுத்த மனம் வரவில்லை. நடுவில் ஒரு தடவை அக்காவைத் தேடினேன். அவள் பக்கத்து மேசைக்குப் போய்விட்டிருந்தாள். முத்திரைகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, அதில் இருந்த ராசாவுக்கு எத்தனை பெண்சாதி என்று கூடியிருந்த சனத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். முத்திரைக்காரர் தலையாட்டிக்கொண்டு நின்றார்.